பாட்டு நிற்கிற இடம்

இன்று காலை எழுந்ததும் முதலில் தெருச் சன்னலைச் சாத்தினேன். மீன் ஏற்றப் போகிற லோடு ஆட்டோவில் நீ கட்டிய பாட்டு அலறிக்கொண்டு வந்தது. சாத்திய பிறகும் மேளம் மட்டும் கேட்டது. பல் துலக்கும்போது குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.

நீ கண் மூடிய பிறகு நடந்தது இது. பெயரெடுத்த ஒரு பாப் பாடகி, பிறர் பாட்டுகளைத் தன் பாணியில் பாடி ஓர் ஆல்பம் போட்டிருக்கிறாள். கடைசிப் பாட்டு உன்னுடையது. 'பழைய கடற்கரைப் பாட்டு' என்று போட்டிருக்கிறார்கள். உன் பெயர் இல்லை. ஆல்பத்தைச் சிலர் புதுமை என்கிறார்கள், சிலர் கொலை என்கிறார்கள். அவளுக்கு நல்ல குரல். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

உன் அண்ணன் போன தோணி திரும்பாத வருடம், கல்லறைத் திருநாளன்று எல்லாரும் அவரவர் வீட்டார் குழியில் மெழுகுவர்த்தி ஏற்ற, நீ வெறுங்கையோடு கல்லறைத் தோட்டச் சுவரோரம் நின்றாய். அடுத்த வருடம் அதே நாளில் ஆர்மோனியம் வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்தப் பாட்டைப் பாடினாய். முதல் அடி முடிந்ததும் நிறுத்தினாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். என் கையைக் கிள்ளினாய்.

"சும்மா கெட ஏளா. அங்கன பாட்டு நிக்கட்டும். குழி இல்லாதவங்க பேர வேற எங்க போயி சொல்ல?"

அதிலிருந்து வருடாவருடம் பாட்டு நிற்கிற இடத்தில், கடலோடு போனவர்களின் பெயர்கள் முணுமுணுப்பாக எழும். நீ உன் அண்ணன் பெயரைச் சொல்வாய்.

அந்த இடத்தைத்தான் அந்தப் பாடகி மேளத்தாலும் கைத்தட்டலாலும் அடைத்திருக்கிறாள். கல்யாண வீடுகளில் அங்கே வந்ததும் ஆடுகிறார்கள். வேம்பார் பஸ்ஸில் டிரைவர் ஹாரனால் தாளம் போடுகிறார். எல்லாரும் நம் ஊர்க்காரர்கள், அந்த இடத்தில் பெயர் சொன்னவர்கள்.

நேற்றுப் பாடகர் குழுக் கூட்டத்தில், இந்தத் திருநாளுக்குக் கல்லறையில் ஸ்பீக்கர் கட்டி, அந்த இசையோடு பாடலாம் என்று முடிவானது. என் முகத்தைக் கமிட்டி அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"நம்ம பாட்டு உலகம் பூரா ஓடுது. நீங்க என்ன டீச்சர், வேப்பெண்ணெ குடிச்ச மாதிரி இருக்கிய?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுத்து வைத்தேன். வெளியே வந்து துப்பினேன்.

நீ இப்போது அதே சுவரோரம் படுத்திருக்கிறாய். உனக்கு ஏற்ற நான் மெழுகுவர்த்தி வாங்கிவிட்டேன். உன் அண்ணன் பெயரைச் சொல்லத்தான் வேறு ஆளில்லை. அது என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு நான் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பேன். முதல் அடி முடிந்ததும் வயரைப் பிடுங்குவேன். மேளம் நின்றதும் உன் அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொல்வேன்.