உன் மாரிச்செல்வத்தின் பியூஸ் என் சட்டைப் பையில்

திருமுருகன்பூண்டி,
புதன்கிழமை

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். மொபெட்டும் சுகம், திங்கட்கிழமை காலையில் மட்டும் அதற்கு உடம்பு சரியில்லாமல் போனது, அதைக் கடைசியில் சொல்கிறேன். நொய்டாவில் நீ சுகமா, என் மேல் உள்ள கோபம் சுகமா? மாரிச்செல்வத்தைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னதிலிருந்து என் போனை எடுப்பதில்லை, அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், அவளும் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். மூட்டு வலி என்று கோயில் படி ஏறாதவள் உன் போன் வந்தால் மாடிப்படி ஏறுகிறாள். அதனால்தான் கடிதம். இதைக் கட் பண்ண முடியாது பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பையன் வந்தான், நீ அனுப்பித்தான் வந்தான் என்பதும் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அம்மா வைத்த கடலை உருண்டையை எடுக்கலாமா வேண்டாமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அம்மா அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்து வேலம்பாளையத்தில் டெய்லராக இருப்பதையும், தான் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பதையும் மனப்பாடம் செய்த மாதிரி சொன்னான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் நல்ல பையன்கள்தான் கண்ணு. உன் அத்தை தெய்வாத்தாளைப் பெண் பார்க்க வந்தவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவர் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடுத்தெருவில் அதை எட்டி எட்டி உதைத்தார், நாங்கள் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். வண்டியை உதைக்கிறவர் வீட்டுக்குள் போய் என்ன செய்வார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அத்தை கையில் கட்டோடு வந்து வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாளே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊர் என்ன சொல்லும், சொந்தம் என்ன சொல்லும் என்றுதான் நான் தயங்குகிறேன் என்று நினைத்தாய். உன் சித்தப்பா அதை யோசிக்கிறார், நன்றாக யோசிக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது இவன் என்ன செய்வான்?

அதைத் தெரிந்துகொள்ள வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாதல்லவா? பைக் வெயிலில் நிற்கிறது, வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளி வைக்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனேன். சைடு கவரைத் திறந்து பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன், பக்கத்திலிருந்த ஸ்பேரையும் விடவில்லை. இத்தனை வருசம் நிட்டிங் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்து, நின்ற மிஷினையெல்லாம் ஓட வைத்தவன், ஓடுகிற ஒன்றை நிறுத்தியது அன்றைக்குத்தான். நன்றாகத்தான் இருந்தது.

விடைபெற்று வந்தவன் சாவியைத் திருப்பினான், மீட்டரில் லைட் இல்லை. ஹாரனை அழுத்தினான், சத்தம் இல்லை. நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு பெட்ரோல் இருக்கிறதா என்றேன், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். மீட்டருக்கே கரண்ட் வரவில்லை சார், பிளக் வரைக்கும் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு பேட்டரிப் பக்கம் போனான். டெர்மினலை ஆட்டிப் பார்த்தான், பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டினான். கை அழுக்காகிறதே என்று நான் ஒரு பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து கொடுத்தேன், பச்சைக் கோடு போட்டது. ஞாயிறு என்பதால் பக்கத்துச் சிலைப் பட்டறையில் உளிச் சத்தம்கூட இல்லை, வாய்க்குள் திட்டினாலும் எனக்குக் கேட்டிருக்கும், திட்டவில்லை. கடைசியில் பியூஸ் பெட்டியைத் திறந்தான். காலியாக இருந்ததையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "பியூஸ் எரிஞ்சு பாத்திருக்கேன் சார், எந்திரிச்சு நடந்து போயி இப்பத்தான் பாக்குறேன்" என்றான். நானும் விடவில்லை, செம்புக் கம்பி தருகிறேன், சுற்றிவிட்டுப் போய்விடலாம் என்று ஆசை காட்டினேன். வேண்டாம் சார், கம்பியைப் போட்டால் வயரிங்கே எரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அந்த வெயிலில் கடைவீதிக்கு நடந்தான். பாதிக் கடை பூட்டியிருக்கும், எங்கெல்லாம் அலைந்தானோ, சட்டை நனைந்து வந்து பியூஸை மாட்டும்போது நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்துச் சொல்லிக்கொண்டு போனான். கொஞ்சம் நீளமான ஹாரன்தான்.

இனிமேல்தான் மொபெட் விசயம். திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குக் கிளம்பினால் அது ஸ்டார்ட் ஆகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், சோக் போட்டேன், பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினேன், வியர்த்து வழிந்தது. உன் அம்மா வாசலில் நின்று டீயை உறிஞ்சிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். என்னவோ கோபம் கண்ணு, எட்டி ஒரு உதை விட்டேன். அதற்கப்புறம்தான் பிளக் மூடியைக் கழற்றத் தோன்றியது. உள்ளே பச்சைக் கோடு போட்ட பனியன் வேஸ்ட், உருட்டித் திணித்து வைத்திருந்தான். நான் பியூஸைப் பிடுங்கியதை ஜன்னல் வழியாகவும், அவன் துணியைத் திணித்ததை வாசலிலிருந்தும் பார்த்துவிட்டு இரண்டு பேரிடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் உன் அம்மா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "பையன் பாஸுங்க, மாமனாருதான் பெயிலு."

எனக்குச் சம்மதம் கண்ணு. அவன் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன், நீயும் லீவு சொல்லிவிட்டு வா. சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு பியூஸையும் அவனிடம் தரப்போவதில்லை, நானே வைத்திருப்பேன். என்றைக்காவது ஒரு நாள் அவன் எதையாவது உதைத்தால் எனக்கு ஒரு போன் போடு, எந்த ஊரில் இருந்தாலும் வந்து மறுபடியும் பிடுங்குவேன்.

பூண்டிச் சாமி உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, போனை எடு. முக்கியமாக, நான் மொபெட்டை உதைத்ததை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா
சிவராஜ்

பின்குறிப்பு: அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் உதைத்ததை அன்றைக்கே போனில் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டாளாம்.