ஜோசியருக்கு ஒரு வயது

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஜோசியருக்கு முதல் பிறந்தநாள். மேலாளர் கேக் வெட்டினார். ஜோசியர் என்றால் நான் எழுதிய புரோகிராம். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிய நோயாளிகளில் யார் வராமல் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும். வரமாட்டார் என்று சொன்னால் அதே நேரத்தை இன்னொருவருக்கும் கொடுத்துவிடுவோம். டாக்டர் சும்மா உட்காரமாட்டார். ஆஸ்பத்திரிக்கே நான்தான் செல்லப்பிள்ளை. கேக்கில் உப்புச் சுவை. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 5

அக்கா போன் செய்தாள். இடது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறதாம். எட்டு வருடச் சர்க்கரை. தையல் ஃபாக்டரியில் வேலை. எங்கள் ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் 19ஆம் தேதி, 10.40க்கு நேரம் கிடைத்திருக்கிறது.

மார்ச் 19, புதன்

போகவில்லை அவள். திரையில் ‘வரவில்லை’ என்று சிவப்பாக இருக்கிறது. போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தேன்.

“வந்தேன்டா. ஒண்ணரை வரைக்கும் உக்காந்திருந்தேன். கூப்பிடல. ஷிஃப்டுக்குப் போயிட்டேன்.”

“கம்ப்யூட்டர்ல வரலைன்னு இருக்கே.”

“அப்போ அங்க உக்காந்திருந்தது யாரு, என் ஆவியா?”

சாக்குச் சொல்வதில் டாக்டர் பட்டமே கொடுக்கலாம். அடுத்த தேதி ஜூன் 12.

ஏப்ரல் 2, புதன்

‘அனைவருக்கும் சமமான நலம்’ குழுவின் கூட்டம். எட்டு பேர், பன்னிரண்டு பிஸ்கட். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மக்கள் ஏன் ஒழுங்காக வருவதில்லை? அந்தப் பக்கம் என்றால் நாங்கள்: நிறம் வேறு, வீட்டில் பேசும் மொழி வேறு. ‘கலாச்சாரக் காரணங்கள்’ என்றார் தலைவி. எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அறையில் கலாச்சாரம் உள்ள ஒரே ஆள் நான்தானே.

“எங்க ஆளுங்களுக்குப் பொறுப்பு கம்மிங்க,” என்றேன்.

என்ன நிம்மதி அவர்கள் முகத்தில். முடிவு: எங்கள் மொழியில் போஸ்டர். ‘உங்கள் உடல்நலம் உங்கள் கையில்.’

ஜூன் 12, வியாழன்

பன்னிரண்டு மணிக்குக் கண் பிரிவில் பிரிண்டர் மக்கர். சரி பண்ணப் போனேன். போஸ்டருக்கு நேர் கீழே அக்கா, மடியில் சாப்பாட்டு டப்பா. பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

“பத்து நாப்பதுக்கு வரச் சொன்னாங்க. இன்னொருத்தருக்கும் அதே நேரமாம். அவர் உள்ள போயிட்டு வந்து வீட்டுக்கே போயிட்டார்.”

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. “வெயிட் பண்ணு,” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

நாலு மணிக்குத் திரையைப் பார்த்தேன். ‘வரவில்லை.’

வரவில்லையா? என் கண்ணால் பார்த்தேனே.

ஜூன் 13, வெள்ளி

நான் எழுதியதை நானே படித்தேன். அக்காவின் மதிப்பெண்: வராமல் போக 81 சதவீதம். காரணங்கள்: வசிக்கும் தெரு, மொழிபெயர்ப்பாளர் தேவை, முன்பு வராதவர். முன்பு என்றால் மார்ச் 19. அன்றைக்கு, முதல் இரண்டு காரணங்களே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரே நேரத்துக்கு இருவரும் வந்துவிட்டால் யார் முதலில்? வரக்கூடியவர் என்று ஜோசியர் சொன்னவர். ‘வந்தார்’ என்று எப்போது பதிவாகும்? டாக்டர் அறைக்குள் போன பிறகு. ஆக, காக்க வைத்தால் போய்விடுவார்கள், போனால் வராதவர்கள், வராதவர்களை மறுபடி காக்க வைக்கலாம். பிரமாதம். இப்படிக் காத்திருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

பொறுப்பு கம்மி என்றேனே – யாருக்கு?

சாயங்காலம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். “இதுக்கா கேக் வெட்டுனாங்க?” என்றாள்.

ஜூன் 16, திங்கள்

மேலாளரிடம் எல்லாவற்றையும் காட்டி, ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் போதும் என்றேன். அவர்: “நம்ம புரோகிராம்ல இனம்னு ஒரு கட்டமே கிடையாதே தம்பி.”

“கிடையாது சார். தெருப் பேரு இருக்குல்ல, அதுவே போதும்.”

“டாக்டர் நேரம் வீணாகுமே.”

எங்கள் நேரத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசலாமாம்.

ஜூன் 17

அக்காவுக்கு இடது கண்ணில் திரை விழுந்தமாதிரி ஆகிவிட்டது. தையல் மெஷின் முன்னால். கண்ணுக்குள் ரத்தக் கசிவு. அவசரப் பிரிவு டாக்டர், “மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும். ஏம்மா வரல?” என்றார்.

சொல்லுக்கா. இவன்தான்னு கையைக் காட்டு. பக்கத்துலதானே நிக்கிறேன்.

“லீவு கிடைக்கலைங்க,” என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

கூட்டம். பெயர் சொல்லாமல் ஒரு நோயாளியின் இரண்டு தேதிகளைத் திரையில் போட்டேன். தலைவி, “சரி, இவங்க வராததுக்கு என்ன பண்றது?” என்றார்.

“வந்தாங்க. ரெண்டு தடவையும் வந்தாங்க. என் அக்கா. வரலைன்னு எழுதினது நான். போன கூட்டத்துல பொறுப்பு கம்மின்னு சொன்னவனும் நான்தான்.”

உணர்ச்சிவசப்படக் கூடாதாம். கடைசியில், கண் பிரிவில் மட்டும் இரண்டு மாதச் சோதனை: ஒரு நேரத்துக்கு ஒரு ஆள், கவுண்டருக்கு வந்தவுடனேயே ‘வந்தார்’ பதிவு. மேலாளர் போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 8

அறுவை சிகிச்சை முடிந்தது. இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. வலது கண்ணைக் காப்பாற்ற மாதா மாதம் ஊசி. ஃபாக்டரியில் அவளைத் தையலிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சோதனை முடிவு வந்தது. கண் பிரிவில் ‘வரவில்லை’ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மற்ற பிரிவுகளுக்கும் விரிவுபடுத்துகிறார்கள். குழுவின் அறிக்கையைப் படித்தேன். போஸ்டர் நன்றாக வேலை செய்ததாம்.

அக்காவுக்கு இன்று 10.40. துணைக்கு நான். வழக்கம்போல மத்தியானச் சாப்பாடும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தாள். 10.43க்குக் கூப்பிட்டார்கள். “என்னைத்தானா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தோம். டப்பா இன்னும் சூடாக இருந்தது. “இந்தா, நீயாவது சாப்பிடு,” என்று நீட்டினாள், என் கைக்கு ஒரு சாண் தள்ளி.

கையை அங்கே கொண்டுபோய் வாங்கிக்கொண்டேன்.