கமறியா ராத்தா கூட்டிக்கொண்டு போகிறார்

அஸ்னாட வாப்பாவுக்கு,

சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு றிஸானாவிடம் கொடுங்கள்.

“ஊட்டுல இருக்காம வோட்டுக் கேட்டுத் திரியிறியா?” என்று நேற்று ஏசினீர்கள். நான் யாருக்காகவும் வோட்டுக் கேட்கவில்லை. வாக்களிக்க வாருங்கள் என்றுதான் வீடு வீடாகச் சொல்கிறேன்.

பாலாவி உப்பளத்தில் வேலை செய்யும் கமறியா ராத்தா இதுவரை வாக்களிக்கப் போனதே இல்லை. “யாருக்குப் போடச் சொல்றீங்க?” என்று கேட்டார்.

“அது உங்கட விருப்பம், ராத்தா.”

“என்னட்ட ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல” என்றார்.

இன்று உப்பளத்துப் பெண்களோடு பேச அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

றுஷ்னா

பி.கு.: பின்னேரம் உங்கள் கட்சிக்காரர்கள் வருவார்களாம். நான் வரப் பிந்தும். தேத்தண்ணியை நீங்களே ஊற்றிக் கொடுங்கள். சீனி மேல்தட்டில்.