பதினாறாம் நாளுக்குள் வந்துவிடுங்கள்

சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள அத்தானுக்கு,

யுவனேஸ்வரி எழுதுகிறேன். கிள்ளானில் அண்ணன் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பத்து நாளாகப் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒன்றையும் திறக்கவில்லை. அதனால்தான் கடிதம். மகேன் நாளைக்கு முட்டைக்கோஸ் லோரி கொண்டு கீழே இறங்குகிறான். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும், அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தால் உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை துளசிக்குப் பதினாறாம் நாள். கந்தசாமி அண்ணன் மூன்று தடவை வந்துவிட்டார். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை முடிந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே நின்று கேட்கிறார். “சார் வந்து தேவாரம் பாடினாத்தான் எம்புள்ளைக்கு நிம்மதி லா”, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். உடனே பழனி திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை உங்களுக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு உங்கள் மேல் ஒரு துளிக் கோபமும் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

பள்ளிக்கூடத்தில் உங்கள் லீவை இந்த மாதக் கடைசிவரை நீட்டியிருக்கிறார்கள். உங்கள் சமய வகுப்பைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. போன வெள்ளி பிள்ளைகள் வந்து கோயில் வாசலில் நின்றார்கள். சார் இல்லை, போங்கள் என்று விரட்டிவிட்டேன். நேற்று மழையிலும் வந்து நின்றார்கள். என்ன செய்ய? சாவியை எடுத்துக்கொண்டு நானே போனேன். சிரிக்காதீர்கள். சாமி கும்பிடுகிற நேரத்தில் இரண்டு ரவிக்கை தைக்கலாம் என்று உங்களை வம்புக்கு இழுத்தவள் நான்தான். பாடத் தொடங்கினால் இரண்டாவது அடியிலேயே ராகம் எங்கேயோ போய்விட்டது. தாரணி என் முழங்கையைத் தொட்டு, “அப்படி இல்லக்கா, சார் இப்படிப் பாடுவாரு” என்று எடுத்துக் கொடுத்தாள். துளசி உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. என்னால் முடியவில்லை அத்தான். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். நாலு தாளைக் கிழித்தாகிவிட்டது.

துளசியை எடுக்கிற அன்றைக்கு அவள் அம்மா தாமரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “வயித்துல திருநீற பூசிக்கிட்டு, பாடினா சரியாயிடும்மான்னு ரெண்டு நாளா பாடிக்கிட்டே கெடந்தா சார்” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள், பாவி. உங்கள் முகம் அப்போதே செத்துவிட்டது. அன்று இரவு நீங்கள் என்னிடம், நான் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று சொன்னீர்கள். ருத்திராட்சத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

நேற்று இரவு தாமரை துளசியின் சமய நோட்டை உங்களிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் திறந்து பார்த்தேன். நீங்கள் சொல்லச் சொல்லத் துளசி எழுதியது, சிவப்பு மையில் உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. நோய் வந்தால் திருநீறு பூசு, பாடு, உடனே பெரியவர்களிடம் சொல், மருந்து சாப்பிடு. உடனே என்பதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள்.

அவள் சொன்னாள் அத்தான். என்னிடம்தான் சொன்னாள்.

நீங்கள் ஈப்போவுக்குச் சமய முகாமுக்குப் போன வெள்ளிக்கிழமை அது. மறுநாள் நம் கல்யாண நாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கல்யாண நாளுக்காவது இந்த மனிதர் வீட்டில் இருந்ததுண்டா என்று மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். நாலு மணி இருக்கும். பிள்ளை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாமரை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள், அதனால் இங்கே வந்திருக்கிறாள். “அக்கா, வயிறு ரொம்ப வலிக்குது, சார் இருக்காரா” என்று கேட்டாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஒங்க சாருதான் எல்லாத்துக்கும் திருநீறு வெச்சிருக்காரே, பூசிக்கிட்டு பாடு, போயிடும் லா” என்றேன். உங்கள் மேல் இருந்த கோபத்தை அந்தப் பிள்ளை மேல் வீசினேன். அவளுக்கு அது கேலி என்று தெரியுமா? சார் வீட்டு அக்கா சொல்லிவிட்டார் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது குடல்வால் வெடித்து எவ்வளவோ நேரமாகிவிட்டதாம்.

அன்று இரவே இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். என் பாவத்தை உங்கள் தலையில் ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னை வெறுத்துவிடுவீர்கள் என்ற பயம். இப்போது வெறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது அவளைக் கொல்லவில்லை. நீங்கள் சொன்னதில் தன்னால் ஆனதை அவள் ஒன்று விடாமல் செய்தாள்.

சாமி இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீங்கள் வெள்ளிக்கிழமை பாடும்போது இந்த வீட்டில் ஏதோ இருந்தது. அது போனபிறகுதான் எனக்குத் தெரிகிறது. அந்த ஆணியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, படையலுக்கு முன்னால், கந்தசாமி அண்ணனிடமும் தாமரையிடமும் சொல்லப் போகிறேன். அடித்தால் அடிக்கட்டும், ஊரே காறித் துப்பட்டும். நேற்று ராத்திரியே சொல்லிவிட நினைத்து அவர்கள் வீட்டுப் படிவரை போனேன். ஏறாமலே திரும்பிவிட்டேன். தனியாக என்னால் ஏற முடியாது.

மகேன் திங்கட்கிழமை நாலு மணிக்கு அங்கிருந்து காலி லோரியோடு திரும்புவான். முன் சீட்டில் வேறு யாரையும் ஏற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் ஸ்வெட்டரைத் துவைத்து அவனிடம் கொடுத்திருக்கிறேன், ரிங்லெட் தாண்டியதும் குளிரும், போட்டுக்கொள்ளுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. என்னோடு பேசக்கூட வேண்டாம். அந்தப் படியேறும்போது பக்கத்தில் நின்றால் போதும். அதற்குப் பிறகு துளசிக்காகப் பாடுங்கள் அத்தான். அவள் உங்கள் பிள்ளை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்
யுவனா