சிவப்பு நூல்

ஐப்பசி 9, ஞாயிறு. இரவு.

வீட்டில் இருப்பது மூன்றே ஆடுகள். குடற்புழு மருந்து கொடுக்கும் வேலையைச் செல்வியிடம் விட்டுவிட்டுக் காலையில் பஜாருக்குப் போனேன். மருந்து குடித்த ஆட்டின் கழுத்தில், தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலைக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் மூன்று ஆடுகளில் மணியின் கழுத்தில் மட்டும் நூல் இல்லை.

"மூணுத்துக்கும் குடுத்து, நூலும் கட்டி வுட்டேங்க" என்றாள்.

"கட்டியிருந்தா எங்க போச்சி? வர வர உனக்கு எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல." பெண்டாட்டியைத் தெருவே எட்டிப் பார்க்கும்படி திட்டினேன். மணியின் வாயைப் பிடித்து நானே இன்னொரு தடவை மருந்தை ஊற்றினேன்.

மதியத்திலிருந்து மணிக்குக் கழிச்சல். படுத்தது எழுந்திருக்கவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். பயப்படாமல் தண்ணீர் காட்டச் சொன்னார். தண்ணீர் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன், பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த வெள்ளச்சியின் வாயோரம் சிவப்பு நூல் தொங்கியது. இழுத்தேன். முடிச்சோடு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செல்வி மணியைத் தடவிக்கொடுத்தபடி, "நெஜமாவே எனக்கு மறதி வந்துடுச்சி போலங்க. கட்டுன மாதிரியே தோணிகினு இருக்குது" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "போய்ப் படு" என்றேன்.

இப்போது மணி எழுந்து நாலு தழை கடித்தது. நூல் இன்னும் பையில்தான் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவிப் பார்ப்பது செல்வியின் பழக்கம். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.