பலகைக்கு வைத்த பொட்டு

மார்ச் 4, செவ்வாய்

கட்டடக்காரர் இன்று பட்டறைக்கே வந்துவிட்டார். பதினெட்டு வீடு கட்டுகிறார். பதினெட்டு சமையலறைக்கும் கேபினட் நம்மிடமே கொடுப்பாராம், வாரத்துக்கு ஒன்று முடித்துத் தந்தால். நாம் இப்போது ஒன்றுக்கே மூன்று வாரம் இழுக்கிறோம்.

“முடியுமாம்மா?” என்றார்.

வாய் முந்திக்கொண்டது. “புது மெஷின் வாங்கப்போறோம் சார். தாராளமா முடியும்.”

மெஷினா? எந்த மெஷின்? எனக்கே அப்போதுதான் தெரியும்!

கைப்பிடியும் கீலும் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினவள் நான். முதலில் சொல்லிவிட்டு அப்புறம் செய்து முடிப்பதுதான் என் வழக்கம். ஆனாலும் இன்று பயம் பாதி, குஷி பாதி.

மார்ச் 7, வெள்ளி

மெஷின் காட்சிக்கூடத்துக்குப் போனோம். நான், எங்கள் வேனை ஓட்டும் என் வீட்டுக்காரர், அவர் தங்கை. படமெல்லாம் கம்ப்யூட்டரில் போடுவது என் நாத்தனார்தான்.

கோட்டுப் போட்ட விற்பனையாளர் ஒரு பலகையை வைத்துப் பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல அந்த மெஷின் பலகையில் ஒரு குதிரையைச் செதுக்கியது. பிடரி மயிர் பறக்கிறது! நாத்தனார் என் கையைக் கிள்ளினாள். “அண்ணி, இது வேணும் அண்ணி.”

எனக்கும்தான். சின்னப்பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் இன்னொரு மெஷின் நீளமாகப் படுத்துக்கிடந்தது. பலகையின் வெட்டு ஓரத்தில் பட்டை ஒட்டுகிற மெஷின். அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குதிரைப் பலகையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

வங்கிக்காரர் ஒரு மெஷினுக்குத்தான் கடன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தப்பானதை வாங்கினால் பதினெட்டு வீடும் கைநழுவிப் போகும். தவணை மட்டும் போகாது.

மார்ச் 8, சனி

காலையிலேயே வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் நிற்கிறார்.

“குதிரை மெஷின் ஷட்டர் வழியா வராது. சுவரை இடிக்கணும்.”

“இடிச்சாப் போச்சு!” என்றாள் அவர் தங்கை.

ஊரார் வீட்டு வாசலையெல்லாம் அளந்த பிறகுதான் கேபினட்டை வண்டியில் ஏற்றுகிறோம். சொந்த வாசலை அளக்கத் தோன்றியது இவர் ஒருவருக்குத்தான். இவரைக் கட்டிக்கொண்டது லாபம்தான் — அவரிடம் சொல்லக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

கோட்டுக்காரர் போனில் அவசரப்படுத்துகிறார். இந்த வாரம் முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம்.

“நான் இதே வித்தையைக் காட்டித்தான் தம்பி கைப்பிடி வித்தேன்,” என்றேன். சிரித்துவிட்டார்.

ஆனால் உண்மையில் எனக்கு என்ன தெரியும்? அந்த மூன்று வாரம் எங்கே போகிறது? வெட்டுவதிலா? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். யாராவது பார்த்தோமா?

ஒரு யோசனை. டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரிக்கு இன்று பலகை வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் மூலையிலும் நாத்தனாரின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். இந்தப் பொட்டு எங்கே உட்கார்ந்துவிடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

“என் நகப்பூச்சைப் போய் பலகைக்கு வெக்கறீங்களே, நியாயமா?”

“உனக்கு முன்னாடி அது புகுந்த வீடு போகட்டும்டி.”

மார்ச் 14, வெள்ளி

பொட்டு வைத்த பலகைகள் இறக்கிய இடத்திலேயே சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

“என்ன மேஸ்திரி, இன்னும் வெட்டலையா?”

“படம் வரலையேம்மா. எதைப் பாத்து வெட்ட?”

விறுவிறுவென்று மாடிக்கு ஏறினேன். “ஏண்டி படம் குடுக்கல?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “செவ்வாக்கிழமையே உங்க மேஜையில வெச்சாச்சு. நீங்க பாத்து சரின்னு சொல்லாம ஒரு பலகையைத் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?”

போய்ப் பார்த்தால், என் டிபன் டப்பாவுக்கு அடியில். அதற்கும் அடியில் இன்னும் ஐந்து படம். நான்தான் நாள் முழுக்க ஊர் சுற்றுகிறேனே.

சே. பட்டறையிலேயே மெதுவான மெஷின் நான்தானா? குதிரை மெஷினை வாங்கி வெச்சிருந்தா அதுவும் என் டப்பா காலியாகுறதுக்குத்தானே காத்துக்கிட்டு நின்னிருக்கும்!

“ஒரு அளவு தப்பினா நஷ்டம் யாருக்குடி?” என்று கத்தினேன்.

“ஆறு வருஷமா என் படத்துல நீங்க எதைத் திருத்தினீங்க அண்ணி? கைப்பிடிக் கலர். அதைத் தவிர?”

ஆறு படத்தையும் வாரி என் கைப்பையில் திணித்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

ஆறு படத்துக்கும் சரி சொல்லிவிட்டேன். சட்டத்தைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. பொய். அதைத்தான் யோசிக்கிறேன்.

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

டாக்டர் வீட்டுப் பலகையை மேஸ்திரி திங்களன்று மதியத்துக்குள் வெட்டிப் போட்டுவிட்டார். அப்புறம்? ஓரம் ஒட்டும் மேஜையில் குவிந்துகிடக்கிறது. இரண்டு பேர் பசை தடவி, பட்டை வைத்து, தேய்த்து, காயவிட்டு, பிசிறு சீவி... திங்களும் போய், செவ்வாயும் போய், இன்று சாயங்காலமும் என் சிவப்புப் பொட்டு அங்கேயே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

வெட்டு நமக்குப் பிரச்சினையே இல்லை. நம்மிடம் இதுவரை யாராவது குதிரை கேட்டிருக்கிறார்களா?

மார்ச் 22, சனி

வேனில் எங்கள் பலகைகளையே ஏற்றிக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனேன். இருப்பதிலேயே மட்டமானவை. மூலை சிதைந்தது, ஈரத்தில் கிடந்தது.

“எங்க பலகை இருக்கே மேடம்,” என்றார் கோட்டுக்காரர்.

“உங்க பலகையில குதிரைகூட ஓடும் தம்பி. எங்க பலகையில பட்டை ஒட்டுதான்னு காட்டுங்க.”

ஒட்டியது. நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அவர் தேநீருக்கு வைத்திருந்த கொதிதண்ணீரை எடுத்து ஓரத்தில் ஊற்றினேன். அவர் முகம்தான் மாறியது, பட்டை அசையவில்லை. ஓரம் ஒட்டும் மெஷினே முடிவு. சொல்லிக்கொடுக்க ஒரு ஆளை ஒரு வாரம் சும்மா அனுப்பவும் சம்மதிக்க வைத்தேன்.

ஷட்டர் வழியாகத் தாராளமாக வருமாம். வீட்டுக்காரர் முன்பே அளந்துவைத்திருக்கிறார்.

மார்ச் 24, திங்கள்

குதிரை போய்விட்டதென்று நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே படம் என் மேஜைக்கு வர வேண்டாம். நீயே பாத்து நேரா பட்டறைக்கு அனுப்பு,” என்றேன்.

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “ஜுரம் ஒண்ணும் இல்லையே அண்ணி?”

ஏப்ரல் 11, வெள்ளி

வந்துவிட்டது! இந்தப் பக்கம் மொட்டையாகப் போகிற பலகை அந்தப் பக்கம் பளபளவென்று கரை கட்டிக்கொண்டு வருகிறது. மேஸ்திரி விரலால் தடவிவிட்டு, “வெண்ணெய்மா!” என்றார். நான் வேண்டுமென்றே பத்துத் துண்டு ஓட்டிப் பார்த்தேன். தேவையே இல்லை. ஆசைதான்.

படத்தைப் பார்க்க இரண்டு தடவை மாடிப்படி வரைக்கும் போனேன். திரும்பிவிட்டேன். கை அரிக்கிறது.

மே 9, வெள்ளி

நான்காவது சமையலறை இன்று கிளம்பியது. வாரத்துக்கு ஒன்று, தவறவில்லை. நான் பார்த்ததெல்லாம் வேனில் ஏறும்போதுதான். கைப்பிடி கறுப்பு. நானாக இருந்தால் வெள்ளி நிறம் போட்டிருப்பேன்.

மதியம் கட்டடக்காரர் போன் செய்தார். அவர் மனைவி அந்தக் கறுப்புக் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக்கும் அதேதான் வேண்டும் என்று நிற்கிறாராம். நாத்தனாரிடம் சொன்னால் தலைமேல் ஏறி உட்காருவாள். சொன்னேன். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மேஜை காலி. பட்டறையில் எனக்கு வேலை இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய், புதிதாகக் கட்டுகிற மாணவர் விடுதிக்கு நாற்பது அலமாரி ஆர்டர் பிடித்து வந்தேன்.

வந்து பார்த்தால், வீட்டுக்காரர் டேப்பும் கையுமாக ஷட்டர் பக்கத்துச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார்.

“எதுக்குங்க?”

“குதிரைக்கு.”