நூற்றெழுபதுக்கு மேல்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நான்தான் இல்லை.

அவசர அழைப்பு மையத்துக்காரர்களுக்கு நம் மென்பொருளைப் போட்டுக் காட்டினேன். ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு வரக்கூடும், எடுத்துப் பேச எத்தனை பேர் வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இப்போது அங்கே இருநூறு பேர். நூற்றெழுபது வரை கணக்கு அழகாக ஓடியது. அடுத்த எண்ணில், பெருக்கிக்கொண்டே போக நீ எழுதிய காமா சார்பு என்கிற கணக்குத் துண்டு அப்படியே நின்று, 'எல்லைக்கு வெளியே' என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. என் மானமே போய்விட்டது.

அந்த இடத்தில் நிற்காமல், அத்தனை அழைப்பு வரும் வாய்ப்பு பூஜ்யம் என்று போட்டுவிட்டு நகரும்படி மாற்றிக் கொடேன். நம் கம்பெனி பிழைப்பதே இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மானம் எனக்கும் முக்கியம்தான். ஆனாலும் பூஜ்யம் போட மாட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றெழுபது வரை பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்ணை நம் மென்பொருள் தாங்கும். நூற்றெழுபத்தொன்றையும் சேர்த்துப் பெருக்கினால் தாங்காது. அப்போது தெரியாது என்று சொல்லி நிற்பதுதான் மரியாதை. பூஜ்யம் என்றால் இல்லை என்று அர்த்தம். தெரியாததும் இல்லாததும் ஒன்றா?

வழி இருக்கிறது. பெருக்குவதற்குப் பதிலாக மடக்கைகளை, அதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த லாகரிதத்தை, கூட்டிக்கொண்டு போனால் எண்கள் கைக்கு அடங்கும். எழுதிச் சோதித்துப் பார்க்க மூன்று வாரம் கொடு. அதுவரை வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

மூன்று வாரத்துக்கு அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நானே பூஜ்யம் போட்டுவிட்டேன்.

ஒரே நேரத்தில் நூற்றெழுபது அழைப்புக்கு மேல் வர வாய்ப்பே இல்லை என்று திரையில் வந்ததும் மையத்தின் தலைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எவ்ளோ கச்சிதமா சொல்லுது பாருங்க!" என்றார். முப்பது பேரைக் குறைக்கப் போகிறார்களாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்து.

இப்போதாவது பாராட்டி இரண்டு வரி எழுது.

தம்பி

மார்ச் 19

டேய்,

பாராட்ட வேண்டுமா? அந்த நூற்றெழுபது ஊரிலிருந்து வரும் அழைப்புகளின் எல்லை இல்லை, என் சார்பின் எல்லை. அதற்கு மேல் இருந்ததையெல்லாம் பூஜ்யமாக்கியது நீ. புயலடிக்கிற நாளில் நூற்றெழுபத்தொன்றாவதாக ஒருத்தி கூப்பிடுவாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இருக்காது.

கையெழுத்துக்கு முன்னால் நீயே போய் உண்மையைச் சொல். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிற அறைக்கு நான் வருவேன். பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கே உன் அக்காவாகப் பேச மாட்டேன்.

இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்காக வராமல் இருக்க மாட்டேன்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டினேன்.

நேற்று அங்கே போனேன். நீ வைத்திருந்த தடையைத் திரும்பப் போட்டுக்கொண்டுதான் போனேன். தலைவியின் கண்ணெதிரே நூற்றெழுபத்தொன்று என்று தட்டினேன். சிவப்பாக நின்றது.

"இதுக்கு மேல எங்களுக்குத் தெரியாதுங்க. அன்னைக்கு நான் காட்டினது தப்பு."

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அப்போ அந்த முப்பது பேரு?"

"இருக்கட்டும்ங்க."

ஒப்பந்தம் போய்விட்டது. வழியனுப்ப யாரும் எழுந்திருக்கவில்லை. திரும்பும்போது அழைப்பு எடுக்கிற கூடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். கடைசி வரிசை வரை ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிக்கெட்டை வீணாக்காதே. வெள்ளிக்கிழமை வா, மடக்கை வேலையை ஆரம்பிப்போம். அது முடியும்வரை கம்பெனி தாங்குமா என்று கேட்பாய்.

தெரியாது அக்கா.

உன் தம்பி